டின்னுக்குள்ளே சூரை: எண்ணெயில் அடைத்த டூனாவைச் சாப்பிடலாமா?

போன மே மாதம் பெரியம்மா மகன் துபாயிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். பெட்டியைத் திறந்தால் பால்பவுடர், தைலம், சாக்லேட், எல்லாவற்றுக்கும் அடியில் ஆறு வட்ட டின்கள். மேலே மீன் படம் போட்டிருந்தது. எண்ணெயில் அடைத்த டூனா. அம்மா ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். அடியில் அச்சடித்திருந்த தேதியை என்னைப் படிக்கச் சொன்னார். அடைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கெடுதேதிக்கு இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

"அப்போ இது செத்து எத்தினி வருசம்டா ஆவுது?" என்றார். அடுத்ததையும் அவரே கேட்டுவிட்டார். "காசிமேடு கூப்பிடு தூரத்துல இருக்கு. இங்க இருந்துகினு டப்பாவுல மீனு துன்னுவியா நீ?"

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், தண்டையார்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்தவர் வேறு எப்படிக் கேட்பார்? இரண்டுமே நியாயமான கேள்விகள். முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதுக்குத்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருந்தது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டூனா என்றால் சூரை. ஆங்கிலப் பெயரில் சொன்னால் ஏதோ சீமைச் சரக்குபோலத் தோன்றுகிறது, அவ்வளவுதான். நம் கடலில் படும் சூரை, கேரை, வரிச்சூரை எல்லாம் இந்தக் கூட்டம்தான். டின்னுக்குள் அதிகம் போவது வரிச்சூரை. வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் கோடுகள் ஓடும். உலகம் முழுக்கப் பிடிபடும் சூரை வகைகளில் பாதிக்கு மேல் இதுதான். டின் மேல் 'லைட்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் உள்ளே இருப்பது இந்த மீன். அந்த 'லைட்' சதையின் நிறத்தைச் சொல்கிறது. உடம்பு இளைக்க உதவும் டின் என்று நினைத்து வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர் உண்டு. 'வைட்' என்று எழுதியிருந்தால் அது அல்பகோர் என்ற வேறு வகைச் சூரை. இந்த இரண்டு சொல்லையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதரசத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

காசிமேட்டில் சூரைக்கு மரியாதை கொஞ்சம் கம்மிதான். வஞ்சிரம் கேட்டு வருபவர் சூரையைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரத்த வாடை என்பார்கள். வாடைக்கு ஒரு காரணம் இருக்கிறது. சூரை நிற்காமல் நீந்திக்கொண்டே இருக்கும் மீன். அப்படி ஓடும் தசைக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். அதைப் பிடித்துவைக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் பொருள் சதையில் மண்டிக்கிடக்கிறது. உடம்பும் சுற்றியுள்ள கடல் தண்ணீரைவிடச் சூடாக இருக்கும். அதனால் பிடித்த உடனே ஐஸில் போடாவிட்டால் மற்ற மீனைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும். உள்ளூரில் மதிக்காத இந்த மீனுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் என்று பேரே வைத்து ஒரு துறைமுகம் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்.

நம் நாட்டிலேயே டின் அடைக்கிறார்கள். லட்சத்தீவின் மினிக்காயில் 1969 முதல் அதற்கென்று ஒரு தொழிற்சாலை இருக்கிறது. அங்கே வலை வீசுவதில்லை. கழியில் கட்டிய தூண்டிலால் ஒவ்வொரு மீனாகத் தூக்குகிறார்கள். அதே வரிச்சூரையை அவித்து, புகைபோட்டு, கட்டைபோல் காயவைத்தால் மாசி.

எண்ணெயா காப்பாற்றுகிறது?

சரி, அம்மாவின் முதல் கேள்வி. மூன்று வருடம் எப்படிக் கெடாமல் இருக்கிறது?

ஊறுகாய் மாதிரி எண்ணெய் மேலே நின்று காப்பாற்றுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தவறு. ஊறுகாயில் உப்பும் புளிப்பும் எண்ணெயும் சேர்ந்து காவல் காக்கின்றன. டின் மீனில் அந்த வேலையைச் செய்வது சூடு. மீனை முதலில் ஆவியில் அவித்து, தோல், முள், கறுத்த ரத்தச் சதை எல்லாம் நீக்கி, துண்டுகளை டின்னில் அடுக்கி, எண்ணெயும் உப்பும் சேர்த்து, காற்றுப் புகாமல் மூடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் முக்கியமான கட்டம். மூடிய டின்னைப் பெரிய அழுத்தக் கலத்தில் வைத்து ஏறத்தாழ 121 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றுவார்கள். நம் வீட்டுக் குக்கர் வெயிட் போட்டு விசில் வரும்போது கிட்டத்தட்ட அந்தச் சூட்டைத் தொடுகிறது. அதே குக்கர்தான், ஆள் உயரத்துக்கு.

வெறும் 100 டிகிரியில் கொதிக்கவைத்தால் போதாதா? போதாது. க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது. நிலைமை சரியில்லை என்றால் விதைபோல் சுருண்டு படுத்துக்கொள்ளும். அந்த விதை கொதிநீரைத் தாங்கும். பிறகு காற்றில்லாத, புளிப்பில்லாத இடம் கிடைத்தால் முளைத்து நரம்பைச் செயலிழக்கவைக்கும் விஷத்தை உண்டாக்கும். மூடிய மீன் டின் அப்படிப்பட்ட இடம்தான். அதனால்தான் அந்த 121 டிகிரி.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. மீனைப் பொரித்து பாட்டிலில் போட்டு எண்ணெய் ஊற்றிவிட்டால் மாதக்கணக்கில் வெளியிலேயே வைத்திருக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எண்ணெய் காற்றைத் தடுக்கும், கிருமியைக் கொல்லாது. காற்றைத் தடுப்பது அந்தக் கிருமிக்கு உபகாரம்.

இந்த உத்தியைக் கண்டுபிடித்தவர் நிக்கோலா அப்பேர் என்ற பிரெஞ்சு மிட்டாய்க்காரர். உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துச் சூடுபண்ணிக் காட்டி, 1810-இல் பிரெஞ்சு அரசிடம் 12,000 பிராங்க் பரிசு வாங்கினார். அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை எடுத்தார். உணவைக் கெடுப்பது நுண்ணுயிர் என்று பாஸ்டர் நிறுவியதெல்லாம் அதற்கு அரை நூற்றாண்டு பிறகு. காரணம் தெரியாமலே காரியத்தை முடித்திருக்கிறார்கள்.

அப்படியானால் எண்ணெய்க்கு என்ன வேலை? அத்தனை சூட்டில் சதை வறண்டுபோகாமல் காக்கிறது, ருசியைப் பிடித்துவைக்கிறது. தண்ணீரில் அடைத்த டூனாவும் கிடைக்கும். தின்றுபாருங்கள், பஞ்சை மெல்வதுபோல் இருக்கும். எண்ணெய் டின் விற்பதற்கு முதல் காரணம் வாய் ருசி. ஆரோக்கியக் கணக்கு அதற்கு அப்புறம்.

டின்னுக்குள் எவ்வளவு மீன், எவ்வளவு எண்ணெய்?

முன்பக்கம் 185 கிராம் என்று போட்டிருப்பார்கள். அது எண்ணெயும் சேர்ந்த எடை. பின்பக்கம் பொடி எழுத்தில் 'டிரெயின்ட் வெயிட்' என்று இருப்பதுதான் வடித்தபிறகு மிஞ்சும் மீன். ஏறக்குறைய 130 கிராம் வரும். டின் இருநூறு ரூபாய் முன்னேபின்னே என்றால், மீன் கிலோ ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் போகிறது. வஞ்சிரத்தைப் பார்த்து விலை அதிகம் என்று சொல்பவர்கள் இங்கேயும் ஒரு தடவை வகுத்துப் பார்க்கலாம். முள், தலை, செதில் என்று கழிவே இல்லை என்பது மட்டும் டின்னுக்குச் சாதகம்.

எண்ணெய் வடித்த டூனா 100 கிராமில் ஏறக்குறைய 200 கலோரி, 29 கிராம் புரதம், 8 கிராம் கொழுப்பு இருக்கும். தண்ணீரில் அடைத்ததில் 100 கலோரியை ஒட்டி. கொழுப்பு ஒரு கிராம்தான்.

29 கிராம் புரதம் என்பது ஐந்து முட்டைக்குச் சமம். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம் புரதம் போதும் என்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. அதில் பாதிக்கு மேல் ஒரே கிண்ணத்தில் வந்துவிடுகிறது. சோறும் இட்லியுமாகச் சாப்பிடும் நமக்குக் குறைகிற சத்து இதுதான். கூடவே வைட்டமின் பி12, செலினியம், வைட்டமின் டி. வைட்டமின் டி உணவில் கிடைப்பது அரிது. மீன், முட்டை மஞ்சள்கரு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி எண்ணெய். டின்னை வடித்தால் மூன்று, நான்கு மேஜைக்கரண்டி இறங்கும். ஒரு கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. வடிக்காமல் அப்படியே சோற்றில் கொட்டிப் பிசைந்தால், மீனில் இருப்பதைவிட எண்ணெயில் இருக்கும் கலோரி அதிகம். டின் டூனா சாப்பிட்டால் எடை கூடுகிறது என்பவர்கள் மீனைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் வடித்தார்களா இல்லையா என்று யோசிக்க வேண்டும்.

ஆனால் வடித்ததைச் சாக்கடையில் ஊற்றுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மீனின் சொந்தக் கொழுப்பில் ஒரு பங்கு அந்த எண்ணெயோடு கலந்துபோயிருக்கும். தண்ணீர் டின்னில் இந்தச் சங்கடம் இல்லை. தண்ணீரும் மீன் கொழுப்பும் ஒட்டாது, வடித்தாலும் கொழுப்பு மீனிலேயே நிற்கும். எண்ணெய் டின்னில் வடித்தால் கலோரியோடு கொஞ்சம் நல்லதும் போய்விடும். இதற்கு எங்கள் அம்மா கண்டுபிடித்த வழி எந்த நிபுணரும் சொல்லாதது. தாளிக்க அவர் வழக்கமாக ஊற்றும் கடலை எண்ணெயை நிறுத்திவிட்டு, டின் எண்ணெயில் இரண்டு கரண்டியைச் சட்டியில் ஊற்றி வெங்காயத்தை வதக்கினார். எப்படியும் ஊற்றப்போகும் எண்ணெய்தானே! கூடுதல் என்று ஒன்றும் சேரவில்லை.

எந்த எண்ணெய் என்று பின்பக்கம் பாருங்கள். சூரியகாந்தி, சோயா, ஆலிவ் மூன்றும் வழக்கமாகக் காணப்படுபவை. சேர்மானப் பட்டியலில் எடையில் அதிகமுள்ளது முதலில் வர வேண்டும் என்பது விதி. முன்பக்கம் ஆலிவ் படம் போட்டு, பட்டியலில் ஆலிவ் எண்ணெய் கடைசியில் நின்றால் புரிந்துகொள்ளுங்கள். ஆலிவ் கொழுப்பின் தன்மையில் நல்லதுதான். அதற்காக இரண்டு மடங்கு விலை கொடுக்க நான் தயாரில்லை.

ஒமேகா-3 பற்றி ஒரு ஏமாற்றம்

டூனா என்றாலே ஒமேகா-3, ஒமேகா-3 என்றாலே இதயத்துக்கு நல்லது என்று ஒரு பேச்சு ஓடுகிறது. எண்ணெயில் அடைத்த 'லைட்' டூனாவில், வடித்தபிறகு 100 கிராமுக்குக் கால் கிராம்கூடத் தேறாது. வரிச்சூரை இயல்பிலேயே கொழுப்புக் குறைந்த மீன். ஆவியில் அவிக்கும்போது கொஞ்சம் ஒழுகிவிடுகிறது. எண்ணெயை வடிக்கும்போது இன்னும் கொஞ்சம் போகிறது. டின்னில் தெரியும் கொழுப்பு பெரும்பாலும் ஊற்றின எண்ணெயின் கொழுப்பு. அதே 100 கிராம் மத்தியில் ஏறக்குறைய ஒரு கிராம் ஒமேகா-3 இருக்கும், டின்னில் அடைத்திருந்தால்கூட. காசிமேட்டில் காலையில் கூறுகட்டி விற்கும் மத்தியும் காணாங்கத்தையும் இந்த விஷயத்தில் துபாய் டின்னை அடித்துவிடும். ஒமேகா-3 வேண்டும் என்பதற்காக எண்ணெய் டூனா வாங்குகிறவர்கள் கடை மாறி நிற்கிறார்கள்.

பாதரசம்

என் அண்ணிக்கு அப்போது ஐந்தாவது மாதம். டின்னைத் திறந்ததும் அவர்தான் கேட்டார், "தம்பி, நான் சாப்பிடலாமா? பாதரசம் இருக்குன்றாங்களே" என்று. இதை நிதானமாகவே சொல்ல வேண்டும்.

எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்திருப்பீர்கள். நிலக்கரியில் துளித்துளியாகப் பாதரசம் உண்டு. எரிக்கும்போது அது காற்றில் ஏறுகிறது. நம் ஊர்ப் புகை மட்டும் இல்லை, உலகத்தில் நிலக்கரி எரியும் எல்லா இடத்துப் புகையும் கடைசியில் கடலில் இறங்குகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. பாசியில் சேர்வது பாசி தின்னும் சின்ன மீனுக்குப் போகும். அதைத் தின்னும் பெரிய மீனுக்குப் பெரும்பங்காகப் போகும். மேலே போகப்போகக் கூடிக்கொண்டே வரும். பெரிய மீன், நிறைய வருடம் வாழ்ந்த மீன், மற்ற மீனைத் தின்று வாழும் மீன், இந்த மூன்றில்தான் அதிகம். ஜப்பானின் மினமாட்டா ஊரில் ஆலைக் கழிவுப் பாதரசம் மீன் வழியாக மக்கள் உடம்பில் ஏறி நரம்புகளைச் சிதைத்தது 1956-இல் வெளியே தெரியவந்தது. பிறக்கும் முன்பே பாதிக்கப்பட்ட குழந்தைகளும் அங்கே உண்டு. கர்ப்பிணிகளிடம் மட்டும் இவ்வளவு கறாராகச் சொல்வது அதனால்தான்.

டின் அடைப்பதால் பாதரசம் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. அது கொழுப்பில் தங்காமல் சதையின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. எண்ணெயை வடித்தாலும், மீனை எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. புதிய சூரையைக் குழம்பு வைத்தாலும் இதே கதைதான்.

எவ்வளவு இருக்கிறது? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் சோதனைகளில் 'லைட்' டூனா டின்னில் சராசரி ஒரு கிராமுக்கு 0.126 மைக்ரோகிராம், அல்பகோர் டின்னில் 0.35. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. மத்தியில் 0.013 தான். அண்ணிக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. 60 கிலோ எடையுள்ள பெண். உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு வைத்த வரம்பு, கிலோ எடைக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம், ஆக வாரம் 96. 'லைட்' டின் ஒன்றில் 130 கிராம் மீன் என்றால் 16 மைக்ரோகிராம். வரம்பில் ஆறில் ஒரு பங்கு. அல்பகோர் டின் என்றால் 45. பாதிக்குக் கொஞ்சம் கம்மி. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் அமைப்பு இன்னும் கறார்: அவர்கள் கணக்கில் அதே பெண்ணுக்கு வாரம் 42 தான். அப்போது அல்பகோர் டின் ஒன்றே வரம்பைத் தாண்டிவிடும். 'லைட்' இரண்டு டின் தாங்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் 'லைட்' என்றால் வாரம் இரண்டு, மூன்று வேளை, அல்பகோர் என்றால் ஒரே வேளை, வேளைக்குச் சுமார் 113 கிராம் என்று அங்கே அறிவுரை சொல்வது இதனால்தான். அந்த வாரம் வேறு பாதரச மீன் சேரவில்லை என்றால் இந்தக் கணக்கு.

வளர்ந்தவர்கள் வாரம் ஒன்றிரண்டு 'லைட்' டின் சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. ஜிம்முக்குப் போகும் பையன்கள் தினம் இரண்டு டின் காலி செய்கிறார்களே, அவர்களிடம்தான் சொல்ல வேண்டும். உடம்பில் ஏறிய மெத்தில் பாதரசம் பாதியாகக் குறையவே இரண்டு மாதம்போல் ஆகும். தினமும் ஏற்றினால் இறங்க நேரம் ஏது? சின்னக் குழந்தைக்கு உடம்பின் எடை குறைவு, அதனால் அளவும் அதற்குத் தகுந்தாற்போல் குறைய வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வீட்டுச் சண்டையும் நடந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப்புட்டு செய்து கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அமெரிக்கப் பட்டியலில் கர்ப்பிணியும் பாலூட்டுபவளும் அறவே தவிர்க்கச் சொல்லும் மீன்களில் சுறா முன்வரிசையில் நிற்கிறது. சராசரி ஒரு கிராமுக்கு ஒரு மைக்ரோகிராம் அளவு, 'லைட்' டூனாவைப்போல் ஏழெட்டு மடங்கு. சொன்னேன். "நீ பொறந்தப்ப சுறாபுட்டு துன்னுதான்டா ஒனக்குப் பாலு குடுத்தேன்" என்றார் அம்மா. என்ன பதில் சொல்ல முடியும்? நம்மவர்கள் வாங்குவது பெரும்பாலும் சின்னப் பால்சுறா. வயது குறைவு என்பதால் சேர்ந்திருப்பதும் குறைவாகத்தான் இருக்கும். ஆனாலும் அண்ணி கேட்டால், டின் டூனாவுக்குப் பயந்துவிட்டு சுறாவை வாரிப்போடுவது தலைகீழ் கணக்கு என்றுதான் சொல்வேன்.

மிச்ச வில்லங்கங்கள்

உப்பு. எண்ணெய் டூனா 100 கிராமில் சுமார் 400 மில்லிகிராம் சோடியம், அதாவது ஒரு கிராம் உப்பு. நாள் முழுக்க 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தக்காரர்கள் கணக்கில் வைக்க வேண்டிய அளவுதான்; ஆனால் கருவாட்டோடு ஒப்பிட்டால் இது சாது. சமைக்கும்போது தனியாக உப்புப் போடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். யூரிக் அமிலம் கூடியவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள். சூரை அந்த வகையில் நல்ல பிள்ளை அல்ல.

ஹிஸ்டமின் என்று ஒன்று இருக்கிறது. சூரை, காணாங்கத்தை மாதிரி மீனைப் பிடித்ததும் ஐஸில் போடாமல் வெயிலில் விட்டால் பாக்டீரியா அதை உண்டாக்கிவிடும். தின்றவருக்குக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடிக்கும். மீன் அலர்ஜி என்று நினைப்பார்கள். அந்த ஹிஸ்டமின் சூட்டுக்கு அழியாது; 121 டிகிரிக்கும் மசியாது. டின் போடும்போது மீன் எப்படி இருந்ததோ அதேதான் உள்ளே. தெரியாத பெயருள்ள மலிவு டின்னை நான் தொடாததற்கு இது ஒரு காரணம். நாக்கில் வைத்ததும் மிளகுபோல் சுருக்கென்றால் துப்பிவிடுங்கள்.

டின்னின் உட்பக்கம் ஒரு பூச்சு இருக்கும். அதில் சேர்க்கும் பிஸ்பினால் ஏ என்ற வேதிப்பொருள் உணவில் கசியும் என்பதால், உணவு தொடும் பொருட்களில் அதைப் பயன்படுத்த 2024 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் தடை கொண்டுவந்தது. எப்போதாவது சாப்பிடுகிறவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். டின்னோடு அடுப்பில் வைத்துச் சூடாக்குகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

எதற்குப் பதிலாக?

இப்போது அம்மாவின் இரண்டாவது கேள்வி. காசிமேட்டை வைத்துக்கொண்டு டின் எதற்கு?

டின் டூனா நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்டால் பதில் வராது. எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை காசிமேட்டில் துடிக்கத் துடிக்க மத்தியோ நெத்திலியோ வாங்கி மதியம் குழம்பு வைக்கும் வீட்டுக்கு இந்த டின்னால் ஒரு லாபமும் இல்லை. விலை அதிகம், ஒமேகா-3 குறைவு, உப்பு கூட. அங்கே அம்மா சொல்வதுதான் சரி.

ஷிப்ட் முடிந்து இரவு பத்தரைக்கு வீடு திரும்பும் ஆளுக்குக் கதை வேறு. அவருக்கு அந்த நேரத்தில் எதிரே இருப்பது மீன்குழம்பு இல்லை; முனைக் கடைப் பரோட்டா, இல்லாவிட்டால் நூடுல்ஸ் பாக்கெட். அதோடு வைத்துப் பார்த்தால், அரை டின் டூனாவும் இரண்டு சப்பாத்தியும் எவ்வளவோ மேல். ஐந்து நிமிடத்தில் தட்டுக்கு வரும் புரதம், ஃப்ரிட்ஜ்கூட இல்லாமல் அலமாரியில் காத்திருக்கும் புரதம், நம் பக்கத்தில் வேறு அதிகம் இல்லை.

அப்புறம் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஃபைபர் படகுகள் கொண்டுவருவதுதான் சந்தைக்கு. வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வருவதும் உண்டு. விலையைக் கேட்டால் மயக்கம் வரும். துபாய் அண்ணன் வந்தது அந்த மே மாதத்தில்தான். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு போய், அரைக் கிலோ சங்கராவுக்குச் சொன்ன விலையைக் கேட்டு வெறுங்கூடையோடு திரும்பி வந்த அன்றைக்குத்தான் முதல் டின் திறக்கப்பட்டது.

வாடையைப் பார்த்து முகம் சுளித்தார். ஆனால் சட்டி காய்ந்ததும் கை தானாக வேலை செய்தது. டின் எண்ணெயில் சோம்பு, பொடியாக நறுக்கிய வெங்காயம், நிறையப் பூண்டு, பச்சை மிளகாய், கொஞ்சம் மஞ்சள். வெங்காயம் சிவந்ததும் வடித்த டூனாவை உதிர்த்துப்போட்டு மூன்று நிமிடம் கிளறல். ஏற்கெனவே வெந்த மீன், அதற்கு மேல் அடுப்பில் வைத்தால் நார்நாராகிவிடும். இறக்கியதும் கறிவேப்பிலை, எலுமிச்சை. சுறாப்புட்டின் அதே செய்முறை, சுறா மட்டும் இல்லை. அண்ணி அளவாகச் சாப்பிட்டார். அண்ணன் துபாயில் மூன்று வருடமாக இதை ரொட்டியில் வைத்துத் தின்றவன், இப்படி ஒரு வழி இருப்பது தெரியாமல் போயிற்றே என்று வருத்தப்பட்டான்.

மிஞ்சினதை அம்மா டின்னோடு ஃப்ரிட்ஜில் வைக்கப்போனார். தடுத்தேன். திறந்த டின்னில் வைத்தால் தகர வாடை ஏறும். மூடி போட்ட கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றி, இரண்டு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். மூன்று நான்கு நாள் தாங்கும் என்பார்கள்; கரண்ட் போய்ப்போய் வரும் தெருவில் நான் இரண்டு நாளுக்கு மேல் நம்புவதில்லை. திறக்காத டின்களையும் கண்ட இடத்தில் வைக்க முடியாது. கடலோரத்து உப்புக்காற்றில் ஆணியே துருப்பிடிக்கும் ஊர் இது. துரு ஆழமாக அரித்த டின், இரண்டு பக்கமும் உப்பிய டின், திறந்ததும் சீறிக்கொண்டு பீய்ச்சும் டின், மூடி சேரும் விளிம்பில் நசுங்கிய டின், இவற்றை ருசி பார்த்துக்கூடச் சோதிக்கக் கூடாது. நடுவயிற்றில் லேசாகக் குழிந்திருந்தால் பரவாயில்லை.

ஆறாவது டின் விளிம்பில் நசுங்கித்தான் இருந்தது. பெட்டியில் எது இடித்ததோ. தூக்கிப்போடச் சொன்னேன். துபாயிலிருந்து வந்த பொருளாயிற்றே என்று அம்மா அதை அரிசிப் பானைக்குப் பின்னால் இரண்டு நாள் ஒளித்துவைத்திருந்தார். மூன்றாம் நாள் காலை குப்பை வண்டி வந்தபோது அவரே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார்.